துவக்கை விட விலை கூடின கண்ணாடி

கன நாளாக எழுத வேண்டும் என்று வைத்திருந்த விடயம். ஆயுதம், துவக்கு என்று தொடங்கினாலே எங்கட ஆக்களில் பாதிப்பேர் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுவீர்கள் என்று தெரியும். மிச்சப் பாதிப்பேர் உசாராகிவிடுவீர்கள். இரண்டு பகுதியும் கொஞ்சம் பொறுங்கோ. இது வீரக்கதை இல்லை. ஒரு காசுக்கணக்கு.

நான் இருக்கிற நோர்வேயில் செப்ரெம்பர் மாதம் வந்தால் வேலைத்தளங்களில் வேறு கதை கிடையாது. எல்க் மான் வேட்டைதான். தச்சன், பஸ் ஓட்டுநர், பள்ளிக்கூட அதிபர் என்று எல்லாரும் காட்டுக்குப் போகிற நாடு இது. அவர்களிடம் ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது. "துவக்குக்கு எவ்வளவு குடுத்தாயோ அதே அளவு ஸ்கோப்புக்கும் குடு" என்பார்கள். ஸ்கோப் என்றால் துவக்கின் மேல் பூட்டுகிற, குறிபார்க்கிற தொலைநோக்கி. ஒரு குழாய், அதற்குள் சில கண்ணாடி வில்லைகள், நடுவில் ஒரு கோடு. அதற்கு ஒரு துவக்கின் விலையா என்று கேட்கத் தோன்றும். சிலர் துவக்கை விடக் கூடவும் கொடுக்கிறார்கள்.

இந்தக் கேள்வியை வேட்டைக்காரர் மட்டும் கேட்கவில்லை. நூறு வருசத்துக்கு மேலாக அரசுகளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. ஒரு படைவீரனின் கையில் எவ்வளவு நல்ல கண்ணாடியைக் கொடுப்பது? எத்தனை பேருக்குக் கொடுப்பது? ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விடை சொன்னது. சில விடைகள் நல்ல விடைகள். சில விடைகளுக்கு ஆட்கள் உயிரால் விலை கொடுத்தார்கள்.

முதலில் கண்ணாடி ஏன் விலை என்று பார்ப்போம்.

யன்னலுக்குப் போடுகிற கண்ணாடி வேறு, ஒளியியல் கண்ணாடி வேறு. உருகிய கண்ணாடிக்குள் ஒரு நரம்பு மாதிரிக் கோடு ஓடினாலும், ஒரு குமிழி நின்றாலும் பார்வை சிதைந்துவிடும். 1805 அளவில் சுவிசைச் சேர்ந்த பியர் லூயி கினான் என்ற கைவினைஞர், உருகிய கண்ணாடியைச் சுட்ட களிமண் கோலால் விடாமல் கலக்கினால்தான் அது ஒரே சீராக வரும் என்று கண்டறிந்தார். பாயாசம் கிண்டுகிற மாதிரிக் கிண்டுவதுதான். பிறகு 1884இல் ஜேர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷொட், ஏர்ன்ஸ்ட் அபே, செய்ஸ் ஆட்கள் சேர்ந்து கண்ணாடி ஆய்வுகூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். என்ன சேர்த்தால் என்ன வகைக் கண்ணாடி வரும் என்பதைக் கைப்பழக்கத்தில் இருந்து அறிவியலுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். அதற்குப் பிறகும் வேலை சுலபமாகவில்லை. சட்டியில் உருக்கி, கலக்கி, நாட்கணக்காக ஆறவிட்டு, சட்டியோடு உடைத்து, நல்ல துண்டுகளைக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு சட்டியில் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் பெரிய காரியம். மிச்சம் கழிவு. விலை அங்கேயே தொடங்குகிறது.

யேனா கண்ணாடி நல்லதாகவும் இருந்தது, தாராளமாகவும் கிடைத்தது. அதனால் மற்ற நாடுகள் சொந்தமாகச் செய்வதைக் கைவிட்டன. 1914இல் பிரித்தானியா பாவித்த ஒளியியல் கண்ணாடியில் 60 வீதம் ஜேர்மனியில் இருந்தும் 30 வீதம் பிரான்சில் இருந்தும் வந்தது. சொந்த நாட்டில் செய்தது வெறும் 10 வீதம். அதையும் செய்தது பேர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஸ்மெதிக்கில் இருந்த சான்ஸ் பிரதர்ஸ் என்ற ஒரே கொம்பனிதான். உலகத்தின் கால்வாசியை ஆண்ட சாம்ராச்சியத்தின் நிலைமை இது. சமாதான காலத்தில் இதை யாரும் பிழை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நல்ல சாமான் வெளியில் கிடைத்தால் வாங்குவதுதானே புத்தி? யுத்தம் தொடங்கினதும், விற்கிறவன் எதிரியாகிவிட்டான்.

1915இல் நடந்த ஒரு கூத்து பிரித்தானியத் தளபாட அமைச்சின் அதிகாரபூர்வ வரலாற்றிலேயே பதிவாகி இருக்கிறது. பிரித்தானியா சுவிஸ் வழியாக ஜேர்மனியிடமே தொலைநோக்கிகள் வாங்க முடியுமா என்று ஆள்விட்டுக் கேட்டது. கேட்டது ஏறக்குறைய 32,000 இருகண் தொலைநோக்கிகள். துவக்குக்குப் பூட்டுகிற ஸ்கோப்புகளும் பேச்சில் வந்தன. ஜேர்மனி திருப்பிக் கேட்டது என்ன தெரியுமா? இறப்பர். கடற்படை முற்றுகையால் ஜேர்மனிக்கு இறப்பர் வரத்து நின்றுபோயிருந்தது. ஒருவன் மற்றவனைச் சுடக் கண்ணாடி கேட்கிறான், மற்றவன் தன் படை வண்டிகளுக்கு இறப்பர் கேட்கிறான். எவ்வளவு கைமாறியது என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனால் பேரம் பேசப்பட்டது என்பதில் சந்தேகம் இல்லை.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்த நாளில் பிரித்தானியாவின் இறப்பர் எங்கிருந்து வந்தது? மலாயாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும். அந்தத் தோட்டங்களில் விடியப்புறம் எழும்பிப் பால்வெட்டினவர்களில் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருந்து கப்பலேற்றப்பட்ட சனம். ஐரோப்பாவில் ஒரு பதுங்குகுழியில் இருக்கிறவனின் கண்ணுக்கு முன்னால் வைக்கிற கண்ணாடியின் விலையை, மலாயாவில் ஒரு தமிழ்ப் பெண் வெட்டின பாலால் கொடுக்கலாமா என்று சுவிசில் யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். அவளுக்கு இது தெரிந்திருக்க நியாயம் இல்லை.

சரி, கண்ணாடி எப்படியோ கிடைத்தது என்று வைப்போம். அதை எப்படிப் பூட்டுவது?

இதில்தான் பிரித்தானியர் பெரிய கோட்டை விட்டார்கள். அவர்களுடைய லீ என்ஃபீல்ட் துவக்குக்கு ரவைகளை மேலே இருந்து ஐந்து ஐந்தாகத் திணிக்க வேண்டும். ஸ்கோப்பை நடுவில் பூட்டினால் அது இடைஞ்சல். ஆகவே ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளிப் பூட்டச் சொல்லி உத்தரவு. ஒரு சினைப்பர் எத்தனை தரம் அவசரமாக ஐந்து ரவை திணிக்கப் போகிறான் என்று யாரும் கேட்கவில்லைப் போல. விளைவு என்ன? கன்னத்தைத் துவக்கில் ஒழுங்காக வைக்க முடியாது. இரும்புத் தகட்டில் வெட்டின சின்ன ஓட்டையால் சுடும்போது, ஸ்கோப்புக்கு ஓட்டை தெரியும் நேரம் குழலுக்குத் தெரியாது. குழலுக்குத் தெரியும் நேரம் ஸ்கோப்புக்குத் தெரியாது. நல்ல கண்ணாடி, நல்ல துவக்கு, இரண்டையும் இணைக்கிற இரும்புத்துண்டு மோசம்.

இதைப் பற்றிப் பொரிந்து தள்ளியவர் ஹெஸ்கெத் பிரிச்சார்ட். வேட்டைக்காரர், பயணி, கிரிக்கெட் ஆட்டக்காரர். 1916இல் பிரான்சில் பிரித்தானியப் படைக்குச் சினைப்பர் பள்ளிக்கூடம் ஒன்றை நிறுவினார். 1920இல் தன் அனுபவங்களைப் புத்தகமாகவும் எழுதினார். அவர் முன்னரங்கில் கண்டது இதுதான்: விலை கூடின ஸ்கோப் பூட்டின துவக்குகள் வந்து சேர்ந்திருக்கின்றன, ஆனால் பெருந்தொகையானவை குறி தவறிக் கிடக்கின்றன. வைத்திருந்தவனுக்கு அதைச் சரிபார்க்கக்கூடத் தெரியாது. ஒரு படைப்பிரிவிடம் இருந்து அடுத்த படைப்பிரிவுக்குக் கைமாறும்போது யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவர் புதுக் கண்ணாடி கேட்பதற்கு முதல் செய்த வேலை, இருக்கிற கண்ணாடிகளை ஒவ்வொன்றாகச் சுட்டுப்பார்த்துத் திருத்தியது. ஒரு சதக் கண்ணாடி கூட்டாமல் படையின் கண் கூர்மையானது.

அமெரிக்கா அதே காலத்தில் வேறு வழியில் இடறியது. வோர்னர் அன்ட் சுவேசி என்ற கொம்பனி வான்நோக்கிகளும் பெரிய இயந்திரங்களும் செய்து பேரெடுத்தது. அது படைக்கு 1908இலும் 1913இலும் பட்டகம் வைத்த ஸ்கோப்புகள் செய்து கொடுத்தது. வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் பாரம் ஒரு கிலோவுக்குக் கிட்ட. கண்ணைக் கண்ணாடிக்கு ஒன்றரை அங்குலம் கிட்ட வைத்தால்தான் ஏதும் தெரியும். துவக்கோ வெடிக்கும்போது பின்னால் அடிக்கும். ஆகவே கண் காயப்படாமல் ஒரு இறப்பர்க் கிண்ணம் வைத்தார்கள். அது காற்று இறுகிக் கண்ணில் ஒட்டிக்கொண்டதாம். வீரர்கள் அதில் ஓட்டை போட்டுப் பாவித்தார்கள். வான்நோக்கி செய்கிறவனின் தரம் என்பது, சேற்றில் கிடந்து சுடுகிறவனுக்கு வேண்டிய தரம் இல்லை.

இனி மலிவுக்காரரின் கதைக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது.

1930இல், அமெரிக்காவில் பொருளாதாரம் படுத்துக்கிடந்த நேரம், வில்லியம் வீவர் என்ற 24 வயதுப் பெடியன் ஒரு ஸ்கோப் செய்து விற்கத் தொடங்கினான். 330 என்று பேர். பூட்டுகிற பிடியோடு சேர்த்து விலை 19 டொலர். ஜேர்மனியில் இருந்து வந்த நல்ல ஸ்கோப்புகள் அதை விடப் பல மடங்கு விலை. சாதாரண ஆட்கள் கடை யன்னலில் பார்த்துப் பெருமூச்சு விடுகிற சாமான் அதுவரை ஸ்கோப். வீவர் அதைத் தோட்டக்காரனின் கைக்குக் கொண்டுவந்தார். குழாய் மெல்லியது, முக்கால் அங்குலம். பெருப்பம் மூன்று மடங்குக்கும் குறைவு. மழை பெய்தால் உள்ளே நீராவி படியும். ஆனால் வருசத்தில் இரண்டு கிழமை மான் வேட்டைக்குப் போகிறவனுக்கு அது போதும்.

இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கப் படைக்குச் சினைப்பர் துவக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. படை முதலில் விரும்பியது லைமன் அலாஸ்கன் என்ற நல்ல ஸ்கோப்பை. ஆனால் அதற்கு வில்லை கொடுக்கிற போஷ் அன்ட் லோம்ப் கொம்பனிக்கு யுத்த வேலை தலைக்கு மேல். வில்லை கிடைக்கவில்லை. ஆகவே வீவரின் 330ஐச் சின்ன மாற்றங்களோடு எடுத்தார்கள். 1943 தொடக்கம் ரெமிங்ரன் கொம்பனி எம் 1903 ஏ4 என்ற துவக்கை 28,000க்கு மேல் செய்தது. பெரும்பாலும் அந்தப் 19 டொலர் ஸ்கோப்பின் வாரிசுதான் அதன் மேல் இருந்தது.

வீவர் தன் ஸ்கோப்பைப் படைக்கு என்று செய்யவில்லை, அவரில் குற்றம் இல்லை. குற்றம் இன்னொரு இடத்தில். அந்தத் துவக்கில் வழமையான இரும்புக் குறிகளைப் பூட்டாமல் விட்டார்கள். மழைக்குள் ஸ்கோப் புகார் பிடித்தால் வைத்திருக்கிறவன் குருடன். மலிவான சாமானைப் பாவிக்கலாம். ஆனால் மலிவான சாமான் கைவிடும் நேரத்துக்கு இன்னொரு வழி வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது வழிக்குச் சில சதம் மிச்சம் பிடித்ததுதான் பிழை.

அதே அமெரிக்காவில் கடற்படையினர் மற்ற அந்தத்துக்குப் போனார்கள். பிற்ஸ்பேர்க்கில் ஜோன் ஊனெர்ட்ல் செய்த எட்டு மடங்கு பெருப்பிக்கிற நீளமான ஸ்கோப். கண்ணாடி அருமை. ஆனால் சுடும்போது முழு ஸ்கோப்பும் பிடிக்குள் முன்னும் பின்னும் வழுக்கிற அமைப்பு. பசிபிக் தீவுகளின் மணலும் சேறும் அதற்குள் புகுந்தால் வேலை முடிந்தது. ஒரே நாடு, ஒரே யுத்தம். ஒரு படையின் ஸ்கோப் மழைக்குத் தாங்காது. மற்றப் படையின் ஸ்கோப் மணலுக்குத் தாங்காது. விலை மட்டும் வேறு.

இந்தக் கணக்கை ஒழுங்காகப் போட்டவர்கள் என்று நான் நினைப்பது சோவியத் ஆட்களை. (அவர்களுடைய அரசியலைப் பற்றிய என் அபிப்பிராயம் வேறு, அதை இங்கே கலக்கவில்லை.) 1930களின் தொடக்கத்தில் ஜேர்மன் மாதிரிகளைப் பின்பற்றி பி.ஈ. என்ற நாலு மடங்கு ஸ்கோப்பைச் செய்தார்கள். அதில் கண்வைக்கிற பக்கம் ஒரு வளையம் இருந்தது. ஒவ்வொருவரும் தன் கண்ணுக்கு ஏற்ற மாதிரித் திருப்பிச் சரிசெய்யலாம். நல்ல வசதிதான். ஆனால் திருப்புகிற எதுவும் கசியும். அந்த இடத்தால் ஈரமும் தூசியும் உள்ளே போயின. கொஞ்சக் காலத்தில் அந்த வளையத்தைத் தூக்கிவிட்டார்கள். ஒரு வசதி குறைந்தது, செலவு குறைந்தது, ஸ்கோப்பின் ஆயுள் கூடியது.

பிறகு 1940இல் பி.யு. என்ற ஸ்கோப் வந்தது. முதலில் ரோக்கரெவ் தானியங்கித் துவக்குக்கு. 1942இல் பழைய மொசின் துவக்குக்கும் அதையே பூட்டினார்கள். பெருப்பம் மூன்றரை மடங்கு. நீளம் 17 சென்ரிமீற்றர், ஒரு சாண் கூட இல்லை. பாரம் 270 கிராம், பி.ஈ.யின் பாதிக்கும் குறைவு. கண் வளையம் இல்லை, அலங்காரம் இல்லை. பழகாத தொழிலாளர் கையாலும் செய்யலாம். பக்கத்தில் திருகுகிற தடித்த இரும்புப் பிடி. இலட்சக்கணக்கில் செய்தார்கள். அத்தோடு நிற்கவில்லை, பள்ளிக்கூடங்கள் தொடங்கினார்கள். 1943இல் மொஸ்கோவுக்குப் பக்கத்தில் பெண்களுக்கென்றே தொடங்கின சினைப்பர் பள்ளிக்கூடத்தில் இருந்து 1,000க்கு மேற்பட்ட பெண்கள் பயிற்சி முடித்து வெளியேறினார்கள். ஸ்கோப்பில் மிச்சம் பிடித்ததைப் பழக்குவதில் செலவழித்தார்கள் என்று சொல்லலாம்.

எதிர்ப்பக்கத்தில் ஜேர்மனியிடம் உலகத்தின் ஆகச் சிறந்த கண்ணாடி இருந்தது. செய்ஸ், ஹென்சோல்ட் ஸ்கோப்புகளைத் திறமான வேலையாட்கள் ஒவ்வொரு துவக்குக்கும் கையால் அராவிப் பொருத்தினார்கள். அற்புதமான வேலை, ஆனால் தேவைக்குக் காணாது. தொகை வேண்டும் என்று இசட் எஃப் 41 என்ற ஒன்றைச் செய்தார்கள். 100,000க்கு மேல் செய்தார்கள். ஒன்றரை மடங்குதான் பெருப்பிக்கும். கண்ணில் இருந்து தூரத்தில், துவக்கின் நடுப்பக்கம் இருக்கும். ஒரு வைக்கோல் துவாரத்தால் பார்க்கிற மாதிரிப் பார்க்க வேண்டும். சாதாரண வீரனுக்கு ஒரு சின்ன உதவி என்று செய்த சாமானைச் சினைப்பர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்கள் அதை வெறுத்தார்கள். பிடிபட்ட சோவியத் ஸ்கோப்புகளை விரும்பிப் பாவித்த ஜேர்மன் வீரர்கள் உண்டு. பின்னால் வந்த ஜேர்மன் ஸ்கோப்பான இசட் எஃப் 4இல் பி.யு.வின் சாயல் நன்றாகவே தெரியும். கண்ணாடிக்குக் குருவான நாடு, மாணவனைப் பார்த்து எழுதின பரீட்சை அது.

பிரித்தானியா இந்த முறை பாடம் படித்திருந்தது. தொழிற்சாலையில் சுட்டுப்பார்த்து, நன்றாகச் சுடுகிற துவக்குகளைப் பொறுக்கி, 1942 தொடக்கம் இலண்டன் ஹொலன்ட் அன்ட் ஹொலன்ட் கொம்பனிக்கு அனுப்பினார்கள். மகாராசாக்களுக்குத் துவக்கு செய்து பேரெடுத்த கொம்பனி அது. பிரென் இயந்திரத் துவக்குக்கென்று முதலில் வடிவமைத்த 32ஆம் இலக்க ஸ்கோப்பை, இந்த முறை நடுவில், உறுதியான பிடியோடு பூட்டினார்கள். பெருப்பம் மூன்று மடங்குதான். பாரம், விலை, வேலை எல்லாம் கூட. எந்த ஸ்கோப் எந்தத் துவக்குக்கு உரியது என்று அதன் இலக்கத்தைத் துவக்கின் மரப்பிடியிலேயே குத்திவிட்டார்கள், பிரிக்கக்கூடாது என்று. 20,000க்கு மேல் செய்தார்கள்.

சோவியத் எண்ணிக்கையோடு பார்த்தால் இது கைவிரல் அளவு. ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதே 32ஆம் இலக்க ஸ்கோப்புகளைப் பிறகு திருத்தி, 1970இல் வந்த எல் 42 ஏ1 என்ற துவக்கில் பூட்டினார்கள். 1982இல் போக்லாந்து யுத்தத்தில் அவை இருந்தன. 1991 வளைகுடா யுத்தத்திலும் இருந்தன. 1940களில் கொடுத்த காசு ஐம்பது வருசம் உழைத்தது. ஒரு வருசத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், எது மலிவு, எது விலை?

இந்தப் பட்டியலில் ஸ்கோப்பே வேண்டாம் என்றவரையும் சேர்க்க வேண்டும். பின்லாந்தின் சீமோ ஹாயா. 1939, 40 பனிக்கால யுத்தத்தில் 500க்கு மேற்பட்ட சோவியத் வீரரைச் சுட்டவர் என்று சொல்லப்படுபவர். அவர் பாவித்தது வெறும் இரும்புக் குறி. ஸ்கோப் வைத்தால் தலையை உயர்த்த வேண்டும், கண்ணாடி வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும், குளிரில் மூச்சுப் பட்டுப் புகார் பிடிக்கும் என்பது அவர் காரணம். சின்ன வயதில் இருந்து அந்தக் காட்டிலேயே சுட்டுப் பழகினவர். அவரிடம் இருந்த தரம் கடையில் விற்பதில்லை.

இவ்வளவையும் வேட்டைக்காரன் பக்கம் நின்றும் படைவீரன் பக்கம் நின்றும் எழுதிவிட்டேன். நான் வளர்ந்தது மற்றப் பக்கத்தில். அதையும் எழுதாவிட்டால் கணக்கு முடியாது.

1990களின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் ஒரு வெட்டை இருந்தது. அதற்கு அப்பால் ஒரு காவலரண். வெட்டையைக் கடந்துதான் சங்கக்கடைக்குப் போகவேண்டும். போகும்போது அம்மா இரண்டு கட்டளை தருவா. ஓடாதே. கையில் இருக்கிறதை நெஞ்சுக்கு மேலே தூக்காதே. ஓடுகிறவன் சந்தேகத்துக்குரியவன். தூரத்தில் இருந்து பார்க்கிறவனுக்குக் குடை, மண்வெட்டிப் பிடி, தென்னோலை மட்டை எல்லாமே துவக்குத்தான். மம்மல் நேரத்தில் போகவே விடமாட்டா. எனக்கு அது அம்மாவின் பயம் என்று மட்டும்தான் அந்த நாளில் தெரியும். அதற்குள் இருந்த கணக்கு இங்கே வந்து படித்தபிறகுதான் விளங்கியது.

300 மீற்றர் தூரத்தில் இருக்கிற ஆளை நாலு மடங்கு ஸ்கோப்பால் பார்த்தால் 75 மீற்றரில் வெறுங்கண்ணால் பார்க்கிற மாதிரி. பகலில் 75 மீற்றரில் குடையும் துவக்கும் வேறுவேறு என்று தெரியும். பெடியனா பெரிய ஆளா என்றும் தெரியும். மம்மலில் கதை மாறுகிறது. பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு மேற்பரப்பிலும் ஏறக்குறைய 4 வீத ஒளி தெறித்துத் திரும்பிப்போகும். ஒரு ஸ்கோப்பில் பத்து மேற்பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி கண்ணுக்கு வராது. 1935இல் செய்ஸ் கொம்பனியில் அலெக்சாண்டர் சுமாகுலா இதற்கு மெல்லிய பூச்சு ஒன்றைக் கண்டுபிடித்தார். நல்ல ஸ்கோப்புக்குக் கொடுக்கிற காசில் பெரும்பங்கு இன்றும் அந்தப் பூச்சுக்கும், கண்ணாடியின் சுத்தத்துக்கும்தான் போகிறது. மலிவுக் கண்ணாடியில் மம்மல் நேரம் தெரிவது ஒரு கறுப்பு உருவம். நல்ல கண்ணாடியில் தெரிவது பாண் வாங்கிக்கொண்டு போகிற ஒரு பெடியன்.

அப்படியென்றால் நல்ல கண்ணாடி எங்களைக் காப்பாற்றும் என்று சொல்ல வருகிறேனா? இல்லை. நல்ல கண்ணாடியால் நன்றாகப் பார்த்துவிட்டுச் சுட்டவர்களும் உலகத்தில் உண்டு. கண்ணாடி காட்டும், அவ்வளவுதான். ஆனால் காட்டாத கண்ணாடியைக் கையில் கொடுத்துச் சுடச் சொல்லுகிற அரசு, பிறகு "தெரியாமல் நடந்துவிட்டது" என்று சொல்லும்போது நான் ஒரு கேள்வி கேட்பேன். தெரியாமல் போகட்டும் என்று எவ்வளவு காசு மிச்சம் பிடித்தீர்கள்?

காட்டிலும் இதே கதைதான். மங்கலான கண்ணாடியால் சுட்டவன் எல்க்கைக் காயப்படுத்துவான். அது கிலோமீற்றர் கணக்கில் ஓடி எங்கேயோ விழுந்து சாகும். நோர்வேச் சட்டம் இதில் கண்டிப்பு. காயப்பட்ட மிருகத்தைத் தேடிப் பிடிப்பது வேட்டைக்காரனின் கடமை. அத்தோடு பெரிய மிருகம் வேட்டையாடுகிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு வருசமும் 30 வெடி பயிற்சியாகச் சுட்டு, பிறகு 5 வெடி சோதனை சுட்டுத் தேற வேண்டும். ஸ்கோப் என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஐந்தும் படவேண்டிய இடத்தில் பட்டதா என்பதுதான் கேள்வி. ஹெஸ்கெத் பிரிச்சார்ட் 1916இல் செய்த அதே வேலையைச் சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள்.

எங்கட அடுத்த தலைமுறைப் பிள்ளைகள் சிலர் இங்கே வேட்டைப் பரீட்சை எடுத்துக் காட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்காக இந்த வரலாற்றில் இருந்து நான் எடுத்த கணக்கைச் சொல்கிறேன். முதல் காசு பிடிக்கு. ஸ்கோப்பையும் துவக்கையும் இணைக்கிற அந்த இரும்புத்துண்டு ஆடினால் மேலே இருக்கிற செய்ஸும் குப்பை. இரண்டாவது காசு ரவைக்கு, அதாவது பழகுவதற்கு. மூன்றாவதுதான் கண்ணாடி. அதிலும் பெருப்பத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், வெளிச்சத்துக்கும் நீர் புகாமைக்கும் கொடுங்கள். முன்வில்லையின் விட்டத்தைப் பெருப்பத்தால் பிரித்தால் கண்ணுக்கு வருகிற ஒளிக்கற்றையின் அகலம் வரும். 8 மடங்கு, 56 மில்லிமீற்றர் என்றால் 7 மில்லிமீற்றர். இளம் ஆளின் கண்மணி இருட்டில் அந்த அளவுக்கு விரியும். என் வயதுக்காரருக்கு 5 மில்லிமீற்றர் விரிந்தாலே பெரிய காரியம். மிச்ச வெளிச்சத்துக்கு நாங்கள் கொடுக்கிற காசு கடைக்காரனுக்குத்தான் லாபம். 4 மடங்கு, 32 மில்லிமீற்றர் ஸ்கோப்பே எங்கள் கண்ணுக்கு மேலதிகம்.

"துவக்கின் விலை அளவு ஸ்கோப்புக்கும் குடு" என்ற வாய்ப்பாடு அரைவாசி சரி. கண்ணாடியில் கஞ்சத்தனம் கூடாது என்பது சரி. ஆனால் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு குரோணருக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகும். அந்தத் தொகை எது என்பதைக் கடைக்காரன் சொல்ல மாட்டான். மம்மல் நேரத்தில் கடைக்கு வெளியே கொண்டுபோய், காட்டோரத்தைப் பாருங்கள். அங்கே நிற்பது கல்லா, மானா, மனிசனா என்று சந்தேகமில்லாமல் தெரிந்தால் அது போதும். தெரியாவிட்டால், எவ்வளவு மலிவென்றாலும் அந்தச் சாமான் வேண்டாம்.